கடைப் பையனும் கைபேசியும்

பாலக்கரையில் கால் மணி நேரம் நின்றால் போதும். ஒரு கையில் வண்டி, மறு கையில் வாட்ஸ்ஆப் என்று இளைஞர்கள் பறப்பதைக் காணலாம். அவர்களில் நம் கடைச் சரக்கைக் கொண்டுபோகிறவர்களும் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

ஆபத்து தெரியாமலா செய்கிறார்கள்? அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பால் ஆட்ச்லி என்ற உளவியல் அறிஞர் கல்லூரி மாணவர்களை விசாரித்தார். 2011இல் வெளிவந்த அந்த ஆய்வில் பத்தில் ஒன்பது பேர் ஓட்டும்போது செய்தி படிப்பதாக ஒப்புக்கொண்டனர். ஆபத்து என்று தெரிந்திருந்தும் அது அவர்களைத் தடுக்கவில்லை.

மணி அடித்ததும் வந்தது நண்பனின் வேடிக்கையா, முதலாளியின் அவசரமா என்பது திறந்து பார்க்கும்வரை தெரியாது. அதுதான் தூண்டில். தமிழ்நாட்டில் 2003இல் தடை வரும்வரை லாட்டரிச் சீட்டு வாங்கியவர்கள் முடிவு பார்க்கத் துடித்தது நமக்குத் தெரியாததா? நூறு முறை பார்த்தும் ஒன்றும் ஆகவில்லையென்றால் இனியும் ஆகாது என்று மனம் கணக்குப் போடும். சரியான கணக்கு வேறு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. நான்கு விநாடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர், ஏறக்குறைய 145 அடி, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது போலத்தான். கடைவீதியில் 145 அடிக்குள் எத்தனை பேர் நடக்கிறார்கள்!

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்தச் செய்தியைப் பல நேரம் அனுப்புவதே நாம்தான். "எங்கேடா இருக்கே?" என்று கேட்டு, பதில் வராவிட்டால் மறுபடியும் கூப்பிடுகிறோம். தாமதித்தால் திட்டு விழும் என்று அவன் தெரிந்துகொள்கிறான். பீங்கான் பொம்மையை வைக்கோல் சுற்றி அனுப்பும் ஊர்க்காரர்கள் நாம்!

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு இதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்துள்ளது. முதல் முறைக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடை வேலையாகப் போனவன் விபத்து செய்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு வண்டிக்குச் சொந்தக்காரரான முதலாளி மீதும் விழும்.

எங்களில் சிலர் ஓர் ஏற்பாடு செய்து பார்த்தோம். புறப்படும்போதே எல்லா வேலையையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவது. செல்போன் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் போய்விடும். சரக்கை இறக்கிய பிறகு, நின்ற இடத்திலிருந்து அவனே பேசுவான். நடுவில் நாங்கள் கூப்பிடுவதில்லை. முதல் வாரம் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கையைச் சும்மா வைத்திருப்பது பெரும்பாடாக இருந்தது. உளுந்து மூட்டை ஒன்று கடை மாறிப் போய்விட்டது. மறுநாள் மாற்றிக்கொண்டோம்.