பழைய ஹைப்ரிட் காரோடு தாம்பரத்தில் குடித்தனம்

செகண்ட் ஹேண்ட் சந்தையில் கிடைக்கிற அசல் ஹைப்ரிட் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2008இல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் வந்தது. 21 லட்சத்துக்கு மேல் விலை சொல்லிப் பார்த்து, வாங்க ஆளில்லாமல் அதே ஆண்டிலேயே 8 லட்சம் குறைத்தார்கள். 2010இல் டொயோட்டா பிரியஸ், 2013இல் பெங்களூரை அடுத்த பிடதியில் பூட்டிய கேம்ரி ஹைப்ரிட். 2015இல் சியாஸ், எர்டிகா டீசல் வண்டிகள் 'எஸ்.எச்.வி.எஸ்.' பட்டையோடு வந்தன. அவற்றில் இருப்பது பெல்ட்டில் ஓடும் சிறு மோட்டார். எஞ்சினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியாக வண்டியை நகர்த்தாது. புரோக்கர் 'ஹைப்ரிட் சார்' என்றால் எந்த ஹைப்ரிட் என்று முதலில் கேளுங்கள். கீழே வருவது பெரும்பாலும் பிரியஸுக்கும் கேம்ரிக்கும்.

பேப்பர்

2010 பிரியஸுக்கு 15 வயது ஆகிவிட்டது. பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று ஆர்.சி.யில் பாருங்கள். இல்லையென்றால் எஃப்.சி., பசுமை வரி, புதுப்பிப்புக் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில்தான். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. புதுப்பித்தால் அடுத்த 5 ஆண்டுக்குக் கவலையில்லை. 15 வயது தாண்டிய பெட்ரோல் கார்கள்மீது டெல்லியில் இருந்துவரும் கெடுபிடியால் அங்கத்திய வண்டிகள் மலிவாகத் தெற்கே வருகின்றன. என்.ஓ.சி., இங்கே கட்டவேண்டிய ஆயுள் வரி, டி.என். நம்பர் மாற்றும் செலவு மூன்றையும் கூட்டிப் பாருங்கள். மலிவு பாதி கரைந்துவிடும்.

ஓட்டிப் பார்ப்பது

காலையில் போகாதீர்கள். வெயிலில் நின்ற வண்டியை மதியம் இரண்டு மணிக்கு எடுங்கள். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று சொல்லிவையுங்கள். போனதும் பானட்டைத் திறந்து, எஞ்சின் ஏற்கெனவே ஓடிச் சூடாகியிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் முதலில் உயிர்பெறும்போது சில விநாடி கடகடவென்று உதறினால் எச்சரிக்கை. 2010இல் வந்த தலைமுறைப் பிரியஸில் ஈ.ஜி.ஆர். குழாய் கரி அடைத்து, ஹெட் கேஸ்கெட் போவது உலகம் முழுக்கத் தெரிந்த நோய். கூலன்ட் அளவு குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஏ.சி.யை முழுதாக வைத்துத் தாம்பரம், பெருங்களத்தூர் மேம்பாலங்களில் ஏற்றி இறக்குங்கள். கண் பேட்டரி அளவுகோலில் இருக்கட்டும். நல்ல பேட்டரியில் கோடுகள் நிதானமாக ஏறி இறங்கும். ஏற்றத்தில் மடமடவென்று சரிந்து, இறக்கத்தில் அதே வேகத்தில் நிரம்பினால் கொள்ளளவு போய்விட்டது.

ஓ.பி.டி. புளூடூத் கருவி ஒன்றும் 'டாக்டர் பிரியஸ்' செயலியும் இருந்தால் வேலை இன்னும் சுத்தம். பிரியஸ் பேட்டரி 28 மாட்யூல் கொண்டது. செயலி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 ஜோடிகளாகக் காட்டும். ஏற்றத்தில் 13 ஜோடிகள் ஒன்றாக இறங்க, ஒன்று மட்டும் ஒரு வோல்ட் பின்தங்கினால் அதுதான் நோயாளி. பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள், ஒப்பவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். கிலோமீட்டர் ரீடிங்கை நான் பெரிதாக மதிப்பதில்லை. தினமும் ஓடிய வண்டியின் பேட்டரி, ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் தூங்கிய வண்டியின் பேட்டரியைவிட நன்றாகவே இருக்கும்.

வாங்கிய முதல் வாரம்

பெரிய பேட்டரியை நினைத்து எல்லோரும் பயப்படுகிறார்கள். வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றிவிடுவது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

முதலாவது காற்றோட்டம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்கு எமன் சூடு. அதைக் குளிர்விக்கும் காற்று காருக்குள்ளிருந்தே போகிறது. பிரியஸில் பின் சீட்டின் பக்கவாட்டில் சல்லடை மாதிரி ஒரு துவாரம் இருக்கும். மற்ற வண்டிகளில் எங்கே என்று கையேடு சொல்லும். அதன்மேல் பையோ சால்வையோ போடாதீர்கள். உள்ளே இருக்கும் விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், ஜி.எஸ்.டி. சாலைப் புழுதி அதில் மெத்தைபோல் படிந்திருக்கும். ஆண்டுக்கொரு முறை இதைச் செய்தாலே பேட்டரியின் ஆயுள் நீளும். மே மாதத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏ.சி.யை மிச்சப்படுத்துவது ஹைப்ரிட்டில் சிக்கனமாகாது. உங்களுக்கு வியர்த்தால் பேட்டரிக்கும் வியர்க்கும்.

இரண்டாவது டிக்கியில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. அது எஞ்சினைச் சுழற்றாது, கம்ப்யூட்டர்களை எழுப்பும், அவ்வளவுதான். ஆனால் அது செத்தால் 'ரெடி' விளக்கு எரியாது, மின்பூட்டில் இயங்கும் டிக்கிக் கதவும் திறக்காது. பிரியஸில் பானட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் ஜம்ப் கொடுக்க ஒரு முனை இருக்கிறது. எங்கே என்று இன்றே பார்த்துவையுங்கள். மாற்றும்போது கடைக்காரர் சாதாரண ஆசிட் பேட்டரியை நீட்டுவார். வேண்டாம். பயணிகள் பகுதியோடு சேர்ந்த இடம் அது. வாயு வெளியேற குழாய் உள்ள ஏ.ஜி.எம். வகைதான் வேண்டும். ஊருக்குப் போய் வாரக்கணக்கில் வண்டி நிற்குமென்றால், யாரையாவது வாரம் ஒருமுறை 'ரெடி'யில் அரைமணி நேரம் வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஏ.சி. பழுது. இதில்தான் நிறைய வண்டிகள் பாழாகின்றன. ஹைப்ரிட்டின் மின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது, அதற்கு என்.டி. 11 எனப்படும் மின்கடத்தா எண்ணெய் வேண்டும். தெருமுனைக் கடையில் கேஸ் நிரப்பும்போது சாதாரண பி.ஏ.ஜி. எண்ணெய் சேர்ந்தால் மின்காப்பு குறைந்து, மின்கசிவைக் கண்டுபிடித்து வண்டியே தன்னை முடக்கிக்கொள்ளும். வேலை தொடங்குமுன் எண்ணெய் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையில் வண்டியை விடாதீர்கள். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடும் வேலை எதுவாக இருந்தாலும் மின்காப்பு ரப்பர் கையுறை போட்டு, சர்வீஸ் பிளக்கை உருவி, பத்து நிமிடம் காத்திருக்கிறவர்தான் ஹைப்ரிட் மெக்கானிக்.

மற்றவை சுருக்கமாக: இன்வர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் உண்டு, மறக்காதீர்கள். பிரேக் பேடு லேசில் தேயாது. அதனாலேயே யாரும் கழற்றிப் பார்க்காமல் காலிப்பர் பின் துருவேறி இறுகிவிடும், ஆண்டுக்கொரு முறை கிரீஸ் வையுங்கள். எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட வண்டிகள் அல்ல இவை. அதனால், குறைவாக ஓட்டுகிறவர்கள் டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கவேண்டாம்.

தினசரி ஓட்டம்

பெருங்களத்தூர் நெரிசலில் நம்மவர்களுக்கு நியூட்ரல் போடும் பழக்கம் உண்டு. டொயோட்டா ஹைப்ரிட்டில் 'என்' போட்டால் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது, ஏ.சி. மட்டும் அதைக் குடித்துக்கொண்டிருக்கும். 'டி'யில் பிரேக்கை மிதித்திருங்கள், நீண்ட நிறுத்தமென்றால் 'பி'.

பேட்டரி கடைசியில் போயே போனால்? கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றலாம், விலை குறைவு. ஆனால் மற்றவையும் அதே வயதுதான், சில மாதத்தில் அடுத்தது படுக்கும். இலங்கையில் 2020 முதல் 2025 தொடக்கம்வரை கார் இறக்குமதி நின்றபோது பழைய பிரியஸும் டொயோட்டா ஆக்வாவும் இப்படித்தான் காலந்தள்ளின. அங்கே தெருவுக்குத் தெரு அனுபவசாலிகள் உண்டு, கழித்த வண்டிகளின் உதிரியும் உண்டு. இங்கே இரண்டும் அரிது. நான் நீண்டநாள் வைத்துக்கொள்ளும் வண்டிக்கு முழுப் பேட்டரி, இரண்டு ஆண்டில் விற்கப்போகும் வண்டிக்கு மாட்யூல் என்பேன்.

மழை

முடிச்சூர், வரதராஜபுரம், மேடவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் நினைவிருக்கும். பெரிய பேட்டரி பின் சீட்டை ஒட்டித் தாழ்வாக இருப்பதால் தண்ணீர் காருக்குள் நுழைந்தாலே ஆபத்து. எச்சரிக்கை வந்ததும் மேட்டுக்கு நகர்த்திவிடுங்கள். மூழ்கிவிட்டால் பவர் பட்டனைத் தொடாதீர்கள், வடிந்த பிறகும்தான். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை ஹைப்ரிட் பேட்டரியையும் உள்ளடக்குமா என்று அக்டோபருக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். ரெக்கவரிக்கு அழைக்கும்போது 'பிளாட்பெட் வேணும்' என்று சொல்லிவிடுங்கள். முன்சக்கரம் தரையில் உருண்டபடி இழுத்தால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும், நனைந்த வயர்களுக்குள் அது பாயும்.