மில்லுக்கு மாற்று மோட்டார்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை



செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர்களில் பலர், கடையை ஒட்டியே மாவு மில்லோ மிளகாய் மில்லோ நடத்துகிறார்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில்தான் மோட்டாருக்கு ஓய்வில்லை, எரிவதும் அப்போதுதான். வாடிக்கையாளர் தூக்குடன் காத்து நிற்க, கிடைத்த மோட்டாரை மாட்டிவிடுகிறோம். ஒரு நாள் அவசரத்துக்குப் பல ஆண்டுகள் மின்கட்டணத்தில் விலை கொடுக்கிறோம்.

1. காயில் கட்டுவதா, புதிது வாங்குவதா?

ஒரு முறை எரிந்த நல்ல மோட்டாருக்குத் தேர்ந்த கைகளில் காயில் கட்டலாம். பழைய கம்பியை எடுக்க நெருப்பு வைத்துக் கொளுத்தினால் உள்ளிருக்கும் இரும்புத் தகடுகள் கெடும். பிறகு அதே வேலைக்கு அதிக மின்சாரம் இழுக்கும். கூலி புது மோட்டார் விலையில் பாதியைத் தாண்டினாலோ, ஏற்கெனவே இரண்டு மூன்று முறை கட்டியிருந்தாலோ புதிது வாங்குவதே லாபம்.

2. குதிரைத் திறன்

"5 குதிரை எரிந்துவிட்டது, இனி 7.5 போட்டுவிடலாம்" என்பது நம்மவர் வழக்கம். மில் கேட்பது 5 என்றால் பெரிய மோட்டாரால் மாவு கூடுதலாக வராது. பளு குறைந்து ஓடும் மோட்டாரின் திறன் குறையும். மின் வாரியத்தில் அனுமதி பெற்ற பளுவை மீறினால் கூடுதல் கட்டணமும் வரும். 1 குதிரைத் திறன் 746 வாட் என்று கணக்கிட்டு, உங்கள் இணைப்பு தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

3. சுற்றும் உயரமும்

எரிந்த மோட்டாரின் தகட்டில் உள்ளதை அப்படியே எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். நிமிடத்துக்கு 1440 சுற்று இருந்த இடத்தில் 2880 சுற்று மோட்டாரை மாட்டினால், மில் இரு மடங்கு வேகத்தில் ஓடும். மாவு சூடேறி மணம் போகும், கல்லுக்கும் ஆளுக்கும் ஆபத்து.

கடலோர மீனவர் படகுக்கு மாற்று எஞ்சின் வாங்கும்போது, அதை மாட்டும் பின்பலகையின் உயரத்தை அளந்துகொள்வார். நமக்கும் அதே பாடம்தான். தகட்டில் 112 என்றிருந்தால், அடிப்பாகத்திலிருந்து தண்டின் மையம் 112 மில்லிமீட்டர் உயரம். அந்த எண்ணும் தண்டின் விட்டமும் ஒத்திருந்தால் பழைய புல்லி பொருந்தும், பெல்ட் நேராக நிற்கும்.

4. மின்கட்டணம்

தகட்டில் ஐ.இ.2, ஐ.இ.3 என்று திறன் வகுப்பு இருக்கும். எண் கூடினால் மின்சாரம் மிச்சம். 5 குதிரை மோட்டார் 83 சதவீதத் திறனில் முழுப் பளுவில் ஓடினால் மணிக்குச் சுமார் 4.5 யூனிட், 88 சதவீதத்தில் சுமார் 4.25 யூனிட். தினம் 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 600 யூனிட் வித்தியாசம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 4,800 ரூபாய். வாங்கும்போது கொடுக்கும் கூடுதல் விலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தினம் ஒரு மணி நேரமே ஓடும் மில்லுக்கு இது 600 ரூபாய்தான். அவரவர் ஓட்டத்துக்கு ஏற்ப முடிவு செய்யலாம்.

மாவுத் தூசி எளிதில் புகாத, முழுதும் மூடிய வகையாக, ஐ.பி. 55 என்று குறித்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

5. எரிந்த காரணம்

காரணம் தெரியாமல் புதிதை மாட்டினால் அதுவும் எரியும். மூன்று பேஸில் ஒன்று போனது தெரியாமல் ஓடியதா? ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே சரியான ஆம்பியருக்கு வைக்கப்பட்டதா? பெல்ட்டை அதிகம் இறுக்கி பேரிங் தேய்ந்ததா? காற்றாடி மூடியில் மாவு அடைத்ததா? ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சாதனத்தை அவசியம் பொருத்துங்கள். மோட்டார் விலையோடு பார்த்தால் அதன் விலை சொற்பம்.

ரசீது போட்டு வாங்கி, உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரை பெறுங்கள். தகட்டு விவரத்தை இன்றே கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பண்டிகை நெருக்கடியில் மோட்டார் எரிந்தாலும், எதை வாங்குவது என்று தடுமாற வேண்டியிராது.