அலையின் இயல்பும் அதனை அறிவதன் பயனும்

மாணவர்காள்! ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்தில் நீர் நிறைந்து அமைதியாயிருக்குங்கால் ஒரு கல்லை எறியின், வட்டவட்டமாய் அலைகள் எழுந்து கரையை நோக்கி விரைவதைக் காணலாம். ஆங்கு மிதக்கும் சருகு ஒன்றை உற்று நோக்குமின். அலை வருங்கால் அஃது எழும், கடந்தபின் தாழும், அலையோடு கரை சேராது. எனவே, நீர் தன் இடத்திலேயே அசைகின்றது. ஆற்றல் மட்டுமே பரவிச் செல்கின்றது. இதுவே அலையின் முதல் இயல்பாம்.

அலையின் உச்சி முகடு எனவும், பள்ளம் அகடு எனவும் பெயர் பெறும். அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட தூரம் அலைநீளம். அமைதியான நீர்மட்டத்தினின்று முகட்டின் உயரம் வீச்சு. ஒரு விநாடியில் ஓரிடத்தைக் கடக்கும் அலைகளின் தொகை அதிர்வெண். அதிர்வெண்ணை அலைநீளத்தாற் பெருக்க வேகம் கிடைக்கும். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகள் விநாடிக்கு மூன்றாகக் கடப்பின், வேகம் விநாடிக்கு 60 சென்டிமீட்டர் ஆகும்.

ஒலியும் அலையே. அது காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். மின்னலின் ஒளியோ கண்ணிமைக்குமுன் வந்துவிடும். இராஜபாளையத்தில் மின்னி எழும் இடி, சுமார் 11 கிலோமீட்டர் அப்பாலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரை எட்டுமாயின், அதற்கு அரை நிமிஷத்திற்குச் சற்று மிகுதியாகும். மின்னலைக் கண்டு முப்பது விநாடிக்குள் இடி கேட்பின், மரத்தடியை விட்டு உடனே கட்டடத்திற்குள் புகுதல் வேண்டும்.

கடலலையும் இவ்வாறே காலந் தருவது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் சுமத்திரா அருகே பூகம்பத்தால் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. 4,000 மீட்டர் ஆழத்தில் அத்தகைய அலை மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் விரையும். ஆயினும் வீச்சு சிறிதாதலின் கப்பலில் உள்ளோர் உணரார். கரையருகே ஆழங் குறைய வேகங் குன்றும், வீச்சு ஓங்கும், அவ்வாற்றல் அங்கே கடல்நீரையே நிலத்தின்மேல் தள்ளும். முன்னறிவிப்பு இன்மையால் நாகப்பட்டினம் முதலிய இடங்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னரே, 2007-ஆம் ஆண்டில், ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் நிறுவப்பெற்றது.

கடல் திடீரென உள்வாங்கக் காணின், வேடிக்கை பாராது மேட்டுநிலம் நாடுமின். அலையின் வேகத்தைக் கணக்கிடக் கற்றல் தேர்வுக்கு மட்டுமன்று. உயிர்காத்தற்கும் உரிய கல்வியாம்.