காய் கனிவது எங்ஙனம்?

தோட்டமுடைய அங்கத்தினரும், சந்தையில் பழம் வாங்கும் நெசவாள அங்கத்தினரும் ஒருங்கே அறிய வேண்டிய செய்தி இது. வெப்பம் ஒன்றே காயைக் கனிவிக்கிறது என்று பலர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. முற்றிய காய் தன்னுள்ளேயே எத்திலீன் என்னும் வாயுவை உண்டாக்குகிறது. அவ்வாயுவே அதனைக் கனியத் தூண்டுகிறது. ஆப்பிள் பழங்கள் இவ்வாயுவை வெளியிடுவதை இங்கிலாந்தில் கேன் என்ற அறிஞர் 1934-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார்.

இத்தூண்டுதலால் காயிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது, துவர்ப்பு குறைகிறது, சதை இளகுகிறது, தோலின் பச்சை நிறம் மறைகிறது. வாழை, மா, பப்பாளி, சப்போட்டா ஆகியவை பறித்த பின்னும் இவ்வாறு கனியும். திராட்சை, அன்னாசி, ஆரஞ்சு, மாதுளை ஆகியவையோ பறித்த பின் இனிப்பேறுவதில்லை.

நம் முன்னோர் வாழைத்தாருக்குப் புகைமூட்டம் இட்டதன் பயனும் இதனால் விளங்கும். புகையிலும் எத்திலீன் உண்டு.

வீட்டில் இதனைச் செய்யும் முறை எளிது:

1. முற்றிய காயையே தேர்ந்தெடுக்கவும். வாழைக்காயின் விளிம்புகள் மழுங்கித் திரண்டிருத்தல் வேண்டும். மாங்காயின் காம்படி புடைத்திருத்தல் வேண்டும்.

2. மாங்காயின் பாலைக் கழுவி, ஈரம் போகத் துடைக்கவும்.

3. மண்பானையிலோ பெட்டியிலோ உலர்ந்த வைக்கோல் பரப்பிக் காய்களை அடுக்கி, நடுவே நன்கு பழுத்த வாழைப்பழம் இரண்டை வைக்கவும்.

4. துணியால் மூடவும். கனிவதற்குக் காற்றும் தேவையாதலால் இறுக அடைத்தல் கூடாது.

5. நாள்தோறும் பார்த்துக் கனிந்தவற்றையும் அழுகியவற்றையும் அகற்றவும்.

பழுக்காத வாழையைக் குளிர்ப்பெட்டியில் வைத்தலாகாது. 13 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே நெடுநேரம் இருப்பின் தோல் கறுத்து, பின்னர்ச் செவ்வையாகப் பழுக்காது.

கார்பைடுக் கல்லை எவரும் தொடவேண்டா. ஈரம் பட்டதும் அது அசிட்டிலீன் வாயுவை விடுகிறது. கடைச்சரக்கான கல்லில் ஆர்சனிக் என்னும் நஞ்சும் கலந்திருக்கக்கூடும். கார்பைடு வாயுவால் பழுக்கவைத்த பழங்களை விற்பதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் தடை செய்துள்ளன. எத்திலீன் வாயுவை அறைகளில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்தவே அனுமதி உண்டு.

எம்முறையாயினும் இளங்காயை இன்கனியாக்க இயலாது. தோல் மஞ்சளாகுமேயன்றிச் சுவை வாராது. விலை ஏறியிருக்கும் நாளில் அவசரப்பட்டு அறுக்கும் ஒருவரால், வாங்குவோர் சங்கத்தின் சரக்கு முழுவதையுமே ஐயுறுவர். ஆகவே முற்றும்வரை பொறுத்து அறுத்தலே முதற் கடமையாகும்.