தமிழ் வணிகன் விசாகனின் குகை

இடுக்கி மாவட்டத்து மறையூரில் கற்பலகைகளால் அமைந்த சிற்றறைகளை ஊரார் முனியறை என்பர். முனிவர் உறைந்த இடம் என்பது கேள்வி. ஆயினும் அவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்பதே ஆராய்ச்சியாளர் துணிபு. துறவியர்க்கு ஈந்த உறையுள் இதுவென்று கல்லே கூறும் சான்றை நாடுவோர், இலங்கையில் வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தை நோக்குதல் வேண்டும்.

அங்குள்ள பிக்குகளின் குகை ஒன்றில், "தமெட வணிஜ கஹபதி விஸாகஹ லேணே" என்று பிராமி எழுத்தில் வெட்டியுள்ளனர். மொழி பிராகிருதம், காலம் கி.மு. நூற்றாண்டுகள். பரணவிதான 1970-ல் வெளியிட்ட இலங்கைக் கல்வெட்டுத் தொகுதியில் இது இடம்பெற்றுள்ளது. தமிழ் வணிகனும் இல்லறத்தானுமாகிய விசாகனின் குகை என்பது பொருள். இதனால் அவன் அங்கு வாழ்ந்தான் என்று கொள்ளற்க. ஈந்தவன் பெயரை இவ்வாறு பொறிப்பதே அக்கால வழக்கு.

வேறு குகைக் கல்வெட்டுகள் பலவற்றில் தந்தை பெயரும் பட்டமும் முன்னிற்கும். விசாகனோ தன் இனத்தையும் தொழிலையும் இல்லறநிலையையும் மட்டுமே கூறினான். குலமோ வருணமோ கூறிற்றிலன். தமிழன் என்பதை மறைக்கவுமில்லை. 1898-ல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவிய நாள் தொட்டு, 'இது உங்கள் சமயமோ?' என்று நம்மை வினவுவோர் உளர். அவர்கள் இவ்வைந்து சொற்களைப் படித்தல் நன்று.

அவன் எத்தகைய மக்களிடையே வாழ்ந்திருப்பான்? அநுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தார் கூடிய மேடை ஒன்றின் பழங்கல்வெட்டு, இருக்கைக்குரியோர் பெயர்களைத் தனித்தனியே காட்டுகிறது. அவருள் ஒருவன் நாவிகன், அதாவது மரக்கலம் செலுத்துவோன். கடல்வழி வந்து பொருளீட்டிய கூட்டம் அது.

அவ்வாறு ஈட்டிய பொருளில் குகை எதற்கு? பிக்குகள் கார்காலத்து மூன்று திங்கள் ஓரிடத்தே தங்குதல் விநயம். திறந்தவெளியிலும் மரப்பொந்திலும் அக்காலத்தைக் கழித்தல் ஆகாது. பகவர் இசைந்த ஐவகை உறையுள்களில் குகையும் ஒன்று. இராசகிருகத்து வணிகன் ஒருவன் ஒரே நாளில் அறுபது உறையுள்கள் எடுப்பித்து, அவற்றை என்ன செய்வது என்று பகவரைக் கேட்டான். வந்தவர்க்கும் இனி வருபவர்க்குமாக, நாற்றிசைச் சங்கத்துக்கு ஈக என்றார் பகவர். இச்செய்தி சுள்ளவக்கத்தில் உளது. இலங்கைக் குகைக் கல்வெட்டுகள் பலவற்றிலும் இத்தொடரே பயில்கிறது. விசாகனின் குகையிலும் அவன் முகமறியாத பிக்குகள் மழைக்கு ஒதுங்கியிருப்பர்.