காலையில் திரும்பிய துப்பாக்கி

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் திரிங்காப் இன்று காய்கறிக்குப் பேர்போன ஊர். முட்டைக்கோஸ் லாரிகளுக்கு நடுவே நிற்பவருக்கு, இது மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரிட்டிஷார் நடத்திய அவசரகாலப் போரில் மக்களை வேலிக்குள் குடியமர்த்திய புதுக்கிராமங்களில் ஒன்று என்பது தோன்றாது. அந்தக் காலத்தைப் பற்றிய சில நம்பிக்கைகள் மட்டும் இன்னும் போகவில்லை.

நம்பிக்கை: ஊர்மக்கள் கையில் துப்பாக்கி கொடுத்ததால்தான் கம்யூனிஸ்டுகள் தோற்றார்கள்.

உண்மை: 1948 முதல் 1960 வரை நீடித்த அந்தப் போரின் உச்சத்தில் ஊர்க்காவல் படையில் சுமார் 2,50,000 பேர் இருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளோ சில ஆயிரம் பேர்தான். ஆனால் சீனர் கிராமங்களில் ஆயுதம் கொடுக்கவே பிரிட்டிஷார் பயந்தார்கள். தொடக்கத்தில் காவலுக்குப் போகும்போது துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, முடிந்ததும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஆள் அதிகம், துப்பாக்கி கொஞ்சம். நம்பிக்கை வளர வளரத்தான் எண்ணிக்கை கூடியது. காட்டை உலுக்கியது பட்டினி. புதுக்கிராமக் கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். பதுக்கி வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது. 1952-இல் குடியுரிமைச் சட்டம் தளர்ந்தது, 1955-இல் தேர்தல், 1957-இல் சுதந்திரம். இவை இல்லாமல் வேட்டைத் துப்பாக்கி என்ன சாதித்திருக்கும்?

நம்பிக்கை: ஊர்க்காவலர்கள் எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள்.

உண்மை: புதுக்கிராமங்களில் காவல் கட்டாயக் கடமை. பகலெல்லாம் மண்வெட்டி பிடித்தவர் இரவில் வேலியோரம் நிற்க வேண்டும். தோட்டங்களில் நின்ற சிறப்புக் காவலர்கள் வேறு. அவர்கள் சம்பளக்காரர்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள். நம் ஆட்கள் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நம்பிக்கை: மலாயாவில் பலித்தது எங்கும் பலிக்கும்.

உண்மை: இந்தியாவின் சத்தீஸ்கரில் 2005-இல் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக சல்வா ஜுடும் என்ற, அரசு ஆதரவு பெற்ற ஆயுத இயக்கம் கிளம்பியது. பஸ்தர் பழங்குடி இளைஞர்கள் சிறப்புக் காவல் அதிகாரிகளாக்கப்பட்டார்கள். கிராமங்கள் எரிந்தன, மக்கள் முகாம்களுக்கும் ஆந்திர எல்லைக்கு அப்பாலும் ஓடினார்கள். ஆயுதம் கொடுப்பதில் இருந்த வேகம் கணக்கு வைப்பதில் இல்லை என்பது என் கருத்து. 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. கொடுத்த துப்பாக்கிகளை எல்லாம் திரும்ப வாங்குங்கள் என்று ஒரு மாநில அரசுக்கு நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.