நாத்திகமும் அறியொணாவாதமும் – வேறுபாடு அறிதல்



"நாத்திகர், அறியொணாவாதி இரண்டு பேரும் கடவுளை நம்பாதவர்கள்தானே, சேர்?" என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் யாராவது கேட்பதுண்டு. அப்படியே விடைத்தாளில் எழுதிப் புள்ளியை இழப்பவர்களும் உண்டு. இவை இருவேறு வினாக்களுக்கான விடைகள் என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

1. சொற்பொருள்

நாத்திகம் (இறைமறுப்பு): "கடவுள் உண்டென நம்புகிறீரா?" என்பது வினா. "இல்லை" என்பது நாத்திகரின் விடை. இது நம்பிக்கை பற்றியது.
உதாரணம்: ஈ.வெ.ரா. பெரியார் (1879–1973).

அறியொணாவாதம்: "கடவுள் உண்டா, இல்லையா என்பதை மனிதரால் அறிய முடியுமா?" என்பது வினா. "முடியாது" அல்லது "முடிவு செய்யப் போதிய சான்று இல்லை" என்பது விடை. இது அறிவு பற்றியது. இதற்குரிய ஆங்கிலச் சொல்லை 1869இல் உருவாக்கியவர் உயிரியல் அறிஞர் தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி.

குறிப்பு: 'ஒணா' என்றால் இயலாத என்று பொருள். எனவே அறியொணாமையை 'அறியாமை' என எழுதுவது பிழை.

2. விளக்க உதாரணம்

கூர்ப்புக் கொள்கையைத் தந்த சார்ள்ஸ் டார்வின், இளமையில் மதகுருவாகும் நோக்குடன் கேம்பிரிட்ஜில் கற்றவர். 1851இல் அவரது பத்து வயது மகள் ஆனி இறந்தாள். பிற்காலத்தில் கிறிஸ்தவ நம்பிக்கை அவரை விட்டு நீங்கியது. ஆயினும் 1879இல் எழுதிய ஒரு கடிதத்தில், கடவுள் இல்லையென மறுக்கும் நாத்திகனாகத் தான் ஒருபோதும் இருந்ததில்லை என்றும், அறியொணாவாதி என்பதே தனக்குக் கூடுதலாகப் பொருந்தும் என்றும் குறிப்பிட்டார். அவரை நாத்திகர் என்று எழுதினால், அவரே மறுத்த பெயரை அவருக்குச் சூட்டியவர்களாவோம்.

3. கவனிக்க வேண்டியவை

அ. அறியொணாவாதம் ஆத்திகத்துக்கும் நாத்திகத்துக்கும் நடுப்படி அன்று. "நிச்சயமாக அறிய முடியாது, ஆனாலும் நம்புகிறேன்" என்பவரும் உளர். "அறிய முடியாது, ஆகவே நம்பவில்லை" என்பவரும் உளர்.

ஆ. இந்திய மெய்யியலில் 'நாத்திகம்' என்பது வேதப் பிரமாணத்தை ஏற்காமையைக் குறிக்கும். அதனால் உலகாயதம், பௌத்தம், சமணம் நாத்திக தரிசனங்கள் எனப்படும். படைப்புக் கடவுளை வலியுறுத்தாத சாங்கியமோ வேதத்தை ஏற்பதால் ஆத்திக தரிசனம் ஆகும். வினா எந்தப் பொருளில் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

4. மாதிரி வினா

நாத்திகம், அறியொணாவாதம் ஆகியவற்றின் பிரதான வேறுபாடு யாது?

விடை: நாத்திகம் கடவுள் நம்பிக்கையை ஏற்காத நிலை. அறியொணாவாதம் கடவுளின் உண்மையையோ இன்மையையோ அறிய இயலாது எனும் நிலை. முன்னது நம்பிக்கை சார்ந்தது. பின்னது அறிவு சார்ந்தது.

மாணவர்களே, நீங்கள் எச்சமயத்தவராயினும், பிறர் கொள்கையை அவர் சொன்னபடியே எடுத்துரைக்கப் பழகுங்கள். பரீட்சைக்கு அது புள்ளி தரும். பரீட்சை முடிந்த பின்னும் உதவும்.